வாராந்திர அறிக்கை

மார்ச்சில் இருநூற்றைம்பது சுவரொட்டிகள் வந்து இறங்கின,
மை வாசம் போகாமல்.
ஏப்ரல் பதினெட்டு, மாலை ஏழரை, அனுமதி இலவசம்.
நூறு ஒட்டியாயிற்று.
மீதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
நூலக வாசலில் நின்றபோது
பல்கலைக்கழகத்தை மூடுகிறோம் என்று
எல்லோருடைய கைபேசியும் ஒரே நொடியில் அதிர்ந்தது.
அவ்வளவு கச்சிதமாக
எங்கள் இசைக்குழு ஒருநாளும் சேர்ந்து தொடங்கியதில்லை.

கச்சேரித் துறையின் விளம்பரப் பிரிவு என்றால்
லோர்னா ஹாகன், நான்,
கால் ஆடும் ஒரு மேசை.
மணிக்கு ஒன்பதேகால் டாலர்.
அதன்பின் மேசையும் இல்லை; அவரவர் சமையலறை.
‘ஒத்திவைக்கப்படுகிறது, தேதி பின்னர்’ என்று
பதினேழு கச்சேரிகளுக்கு எழுதினேன்.
மே மாதம் லோர்னா சொன்னார்:
‘பின்னர்’ வேண்டாம், எடுத்துவிடு.
‘தேதி’ தனியாக நின்றது,
பேருந்து போய்விட்டது தெரியாத ஆள் மாதிரி.
அதையும் எடுத்தேன்.

ஃபார்கோவில் அக்டோபரிலேயே பனி கொட்டும்.
அந்த வாரம் பித்தளைக் கருவிக்காரர்கள் எட்டுப் பேரை
மேடையில் பன்னிரண்டு அடிக்கு ஒருவராக உட்காரவைத்தோம்.
ஊறுகாய் ஜாடிக்கு வேடு கட்டுவதுபோல்
டிராம்போன் வாய்க்குக் கறுப்புத் துணி, டியூபாவுக்கும் கறுப்புத் துணி.
எச்சில் சிந்தினால் ஏந்திக்கொள்ள
நாய்க்குட்டிக்கு விரிக்கும் பஞ்சுத்தாள், ஆளுக்கொன்று.
படத்தில் பஞ்சுத்தாள் விழக்கூடாது என்பது உத்தரவு.
விழுந்தது.

ஆயிரத்து நூறு இருக்கைகள்.
கேமராவோடு நான் மட்டும்.
தொடங்கும்போது ஒரு தட்டு தட்டு,
ஒலியையும் படத்தையும் பொருத்த அதுதான் குறி என்று
போனிலேயே சொல்லியிருந்தார் லோர்னா.
மறந்துவிட்டேன்.
கடைசிச் சுரம் மேலே போய்
பால்கனியில் யாரையோ தேடிவிட்டு
திரும்பி வராமலே நின்றது.
அப்போதுதான் ஞாபகம் வந்து
ஒரே ஒரு தட்டு.
எட்டுப் பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.
முகக்கவசத்தை மாட்டிக்கொண்டிருந்த டிராம்போன்காரன் வயட் பிரெக்கி
பாதியில் நிறுத்தி, லேசாகத் தலை குனிந்தான்.

ஞாயிறு இரவு வெளியிட்டோம். பார்த்தவர்கள் நாற்பத்து மூன்று.
அந்தத் தட்டை வெட்ட மறந்தது
திங்கட்கிழமை தெரிந்தது, ஒரு மின்னஞ்சலில்.
‘வயட்டின் அப்பா கர்ட். வில்லிஸ்டனில் எண்ணெய் லாரி ஓட்டுகிறேன்.
லாரியை ஓரங்கட்டி, ஹீட்டர் போட்டுக்கொண்டு பார்த்தேன்.
முடிவில் யாரோ ஒருவர் கைதட்டினாரே,
அவருக்கு நன்றி சொல்லுங்கள்.
அந்தச் சத்தம் கேட்டபிறகுதான்
நானும் தட்டலாம் என்று தோன்றியது.’

‘ஐயா, அது பாராட்டு அல்ல, தொழில்நுட்பக் குறி’
என்று அடித்தேன். அழித்தேன்.
‘அந்த ஆள் நான்தான்.’
அதையும் அழித்தேன்.
கடைசியில் ‘சொல்லிவிடுகிறேன்’ என்று மட்டும் அனுப்பினேன்.
மூன்று வருடம் விளம்பரம் படித்ததில்
நான் எழுதிய ஒரே நல்ல வாசகம்.

வெள்ளிக்கிழமை அறிக்கை.
இணையத்தில் பார்த்தோர்: 43.
நேரில் வந்தோர் என்ற கட்டத்தில்
மார்ச்சிலிருந்து உட்கார்ந்திருந்த பூஜ்யத்தை எடுத்துவிட்டு
ஒன்று போட்டேன்.

லோர்னா கூப்பிட்டார்.
யாரையும் உள்ளே விடக்கூடாதென்று தெரியும்தானே? யார் அது?
நான்தான்.
நீ வேலைக்குப் போனவள்.
கடைசி ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டேன்.

மறுமுனையில் கெட்டில் விசிலடித்து ஓய்ந்தது.
சரி, என்றார்.
இருக்கை எண்ணையும் சேர்த்துப் போடு.